சவரி அண்ணன் சாப்பிட்ட ஒரு வாரம்

நீங்கள் மூன்று பேரும் கம்பம் கிளினிக்கில் வேலைக்குச் சேரும்போது நான் அல்லிநகரத்தில் புதிதாகத் திறந்த கிளையில் இருப்பேன். "போறதுக்கு முன்னாடி புதுப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதி வெச்சுட்டுப் போங்க" என்று டாக்டர் மேடம் சொன்னார். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை இவன் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் சர்க்கரைக்காரர் ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து, இதைச் சாப்பிடுங்கள், அதை விடுங்கள் என்று சொல்கிற இந்த வேலையில் ஒரு மனிதனின் உயிர் போனுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நேரம் வரும். எனக்கு வந்தது. அதைச் சொல்ல நரை விழ வேண்டியதில்லை.

எதில் எவ்வளவு மாவுச்சத்து, எதில் எவ்வளவு புரதம் என்பதெல்லாம் நீங்கள் படித்துத் தேறி வந்தவர்கள். அதற்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்கிறேன். ஒருவர் இப்போது என்ன சாப்பிடுகிறார் என்று முழுதாகத் தெரியாமல் அவர் தட்டிலிருந்து ஒரு பிடி சோற்றைக்கூட எடுக்காதீர்கள். அவர் அவசரப்படுத்துவார். கூட வந்தவர்கள் அவசரப்படுத்துவார்கள். வெளியே பெஞ்சில் கூட்டம் இருக்கும். இருக்கட்டும்.

சவரிமுத்து கூடலூர் ஜீப் டிரைவர். விடியும் முன் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் குமுளி போய், அதற்கும் மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். அவர்கள் வேலை முடிக்கும் வரை அங்கேயே காத்திருந்து சாயங்காலம் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். நல்ல ஆகிருதி, சத்தமான சிரிப்பு. அன்றைக்கு மட்டும் சிரிக்காமல் என் முன்னால் உட்கார்ந்தார். கையில் ரத்தப் பரிசோதனைக் காகிதம்.

மாத்திரையை மேடம் ஏற்கனவே கூட்டியாயிற்று. சர்க்கரை இறங்கவில்லை. அடுத்தது இன்சுலின் ஊசிதான். "ஊசிக்கு முன்னாடி உங்க பக்கம் ஒருதடவை பாத்துருங்க. இவர் சாப்பாடு எனக்குப் பிடிபடலை" என்று சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

"சார், ஊசி மட்டும் வேண்டாம்" என்றார் சவரி. "ஊசி போடுறவனுக்கு மலையில ஸ்டீயரிங் கிடையாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. முன்ன ஒருத்தன் வளைவுல மயங்கி வண்டியக் கொண்டுபோய்ப் பாறையில சாத்துனான். அதுலருந்து அவருக்குப் பயம். எனக்கு வேற தொழில் தெரியாது. சோத்தையே விட்டுர்றேன். கேப்பை, கோதுமை, வெறும் தண்ணி, எது சொன்னாலும் சரி. நாளையிலருந்து ஆரம்பிச்சுர்றேன். சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க."

"ஒரு வாரம் கழிச்சுத் தாரேண்ணே. அதுவரைக்கும் இப்ப எப்படிச் சாப்பிடுறீகளோ அப்படியே சாப்பிடுங்க. மாத்திரையும் அப்படியே. என்ன சாப்பிட்டீகன்னு மட்டும் எனக்குச் சொல்லணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சுகரு கூடிக் கெடக்குன்னு வந்தா, இன்னும் ஒரு வாரம் தின்னுட்டு வான்னு அனுப்புறீக. நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துத்தான் வந்திருக்கேன்!"

சரி, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் குமுளியில் பால் விடாத ஒரு கட்டஞ்சாயா. சில நாள் கூட ஒரு பழம்பொரி, நேந்திரம்பழ பஜ்ஜி. மதியம் ஒன்றும் இல்லை. ராத்திரி வீட்டில் சோறு.

"மதியம் ஒன்னுமே இல்லையா?"

"டிரைவருக யாரும் சோத்து வாளி தூக்கிட்டுப் போறதில்ல சார். அது பழக்கமில்ல."

இதை அப்படியே நம்பியிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன்? மதியம் பட்டினி கிடக்காதீர்கள், தட்டு நிறையச் சாப்பிடுங்கள் என்று எழுதியிருப்பேன். ஆனால் மதியத்துக்கு மேல் எடுத்த ரத்தத்தில்தான் அவருக்குச் சர்க்கரை உச்சத்தில் இருந்தது. வாயும் ரத்தமும் வேறு வேறு கதை சொன்னால், வாய் பொய் சொல்கிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நம் கேள்வி போய்த் தொடாத இடத்தில் ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

கல்லூரியில் நமக்கு ஒரு படிவம் கொடுப்பார்களே, ஏழு நாளுக்கு ஏழு கட்டம், அதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிற என் அம்மாவிடம் அப்படி ஒரு படிவத்தைக் கொடுத்தால், கசங்காமல் மடித்து ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைப்பார். நிரப்ப மாட்டார். அதனால் சவரி அண்ணனிடம், சாப்பிட்ட கையோடு போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி அனுப்புங்கள் என்றேன். வாயில் வைத்தது எதுவானாலும் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை முதல் மெசேஜ் வந்தது. ஜீப் உறுமலுக்கு நடுவே அவர் குரல். "சார், கட்டஞ்சாயா. சீனி போட்டுத்தான். நீங்கதான மாத்தாதீகன்னு சொன்னீக." மதியம் அடுத்தது. "மதியம் ஒன்னும் இல்ல சார். கொஞ்சூண்டு மோரு."

அவர் முடிக்கும் முன் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் பாய்ந்தது. "ஏலே சவரி, மோருங்கிற! அப்ப என் கருவாட்டுக் குழம்பு எந்த வவுத்துக்குள்ள போச்சு?"

"என் கத்திரிக்கா வெஞ்சனத்தையும் சொல்லச் சொல்லுக்கா!" இன்னொரு குரல். பெரிய சிரிப்பு. மெசேஜ் அதோடு அறுந்தது.

நான் உடனே கூப்பிட்டேன்.

"அது சாப்பாட்டுல சேராது சார்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "அது அவுக குடுக்குறது."

அந்த வண்டியில் ஒரு பழக்கம். மதியம் தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து வாளியைத் திறந்ததும், எந்தப் பெண்ணும் முதல் பிடியைத் தான் தின்ன மாட்டாள். அது டிரைவர் தட்டுக்குப் போகும். குழம்போ கீரையோ, கொண்டுவந்த வெஞ்சனமும் அதன் மேல் விழும். மலையேற்றிக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஆள் பசியோடு இருக்கக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு ஒரு பிடிதான். ஆனால் வண்டி நிறையப் பெண்கள். அண்ணன் கையில் வைத்திருந்தது சாப்பாட்டுத் தட்டுக்கூட இல்லை, தாம்பாளம்.

"ஒரு நாளைக்கு வேண்டாம்னு சொல்ல முடியாதாண்ணே?"

"யாருகிட்டச் சொல்ல? ஒருத்தி சோத்த வேண்டாம்னுட்டு இன்னொருத்தி சோத்தத் தின்ன முடியுமா? நான் மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன். அவுக வேற வேற ஆளுக. யாரு வீட்டுச் சோத்த எறக்கிப் பாக்குறான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அந்த வண்டி வண்டியா இருக்காது சார். இத்தனை வருசத்துல அந்தப் பேச்சு வந்ததில்ல."

இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடாதீர்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு வாய்க்கட்டுப்பாடு போதும் என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அது மரியாதைப் பிரச்சினை, அதுவும் அவர் மரியாதை இல்லை, அந்தப் பெண்களின் மரியாதை. நான் மறுபடியும் சொன்னேன். எதையும் மாற்றாதீர்கள். எல்லார் பிடியையும் வாங்குங்கள். எல்லாவற்றையும் எனக்குச் சொல்லுங்கள்.

சொன்னார். அந்த இரண்டாம் நாள் மெசேஜ் நீளமாக இருந்தது. சோறு, சோறு, கேப்பைக் களி, புளிச்சோறு, சோறு, தோசை, மறுபடியும் சோறு. அடுக்கிக்கொண்டே போனவர் நடுவில் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, தனக்குத் தானே பேசுவதுபோல, "அம்புட்டுமா திங்கிறேன்?" என்றார்.

அந்த ஒரு வரியை நன்றாகக் கேளுங்கள். உங்களிடமும் யாராவது அப்படிச் சொல்வார்கள். சாப்பாட்டை வாய்விட்டுச் சொல்ல வைத்தால், சொல்கிறவர் காதிலும் அது விழும். விழுந்தபின் பழையபடி சாப்பிட அவரால் முடியாது. நல்ல மனிதர், நெஞ்சழுத்தக்காரர் என்றால் இன்னும் ஆபத்து. அவர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்.

அடுத்த இரண்டு நாள் மெசேஜ்கள் குட்டையாக வந்தன. "சாப்பிட்டேன் சார். அதேதான்." பின்னால் சிரிப்பு இல்லை, கிண்டல் இல்லை, ஒரு குரல் இல்லை. தனியே ஒதுங்கி நின்று பேசியிருக்கிறார். ஏதோ இடித்தது. சாயங்காலம் வண்டி கீழே இறங்கியதும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வரை அது காத்திருக்கவில்லை. வெயில் இறங்கத் தொடங்கிய நேரம், எதிரே ஒரு நோயாளி உட்கார்ந்திருக்கும்போது சவரி நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் பெண் குரல்.

"சோறு எழுதுற சாரா? நான் பேச்சி பேசுறேன். இவன் வண்டியில வாரவ. அன்னைக்குக் கருவாட்டுக் குழம்புன்னு சத்தம் போட்டது நான்தான்."

"சொல்லுங்கக்கா."

"மலையில பாதி எறங்கிட்டோம். டிரைவருக்கு வேர்த்துக் கொட்டுது சார். கை ஆடுது. வண்டிய ஓரங்கட்டிட்டான். ஆனா எறங்க மாட்டேங்கிறான். ஓட்டிருவேன் ஓட்டிருவேன்னு எரிஞ்சு விழுறான். இவன் இப்படிப் பேசுற ஆளு இல்ல."

மேடம் அந்த நேரத்தில் வேறொரு நோயாளியோடு மதுரை ஆம்புலன்சில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நர்சிடம் மேடத்தை அழைத்துப் பார்க்கச் சொன்னேன், போன் போகவில்லை. இனி நான்தான்.

"யக்கா, நெஞ்சு வலிக்குதான்னு கேளுங்க."

"இல்லைங்கிறான்."

"மதியம் எல்லார்கிட்டயும் பிடிச்சோறு வாங்குனாரா?"

"எங்க வாங்குனான்! மாதாவுக்கு நேர்ச்சையாம். ஒரு வாரம் வாயக் கட்டி இருக்கணுமாம், ஒறுத்தலாம். நேத்தும் வாங்கல, இன்னைக்கும் வாங்கல. சாமி காரியமாச்சேன்னு நாங்களும் வற்புறுத்தல."

புரிந்துவிட்டது. யார் மனமும் நோகாமல் எல்லார் சோற்றையும் மறுக்க அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். வேண்டுதல் என்று சொன்னால் யார்தான் கேள்வி கேட்பார்கள்? மதியத்தை நிறுத்தியாயிற்று. ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. ஆனால் மாத்திரையை மட்டும், நான் சொன்னபடி, ஒழுங்காகப் போட்டிருக்கிறார். தாம்பாளச் சோற்றுக்கு எதிராக மேடம் கூட்டி வைத்த மாத்திரை அது. சோறு போய்விட்டது. மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு சந்தேகம் உங்களைப் பிடித்து இழுக்கும். இது தாழ்ந்த சர்க்கரைதான் என்று போனில் எப்படி உறுதியாகச் சொல்வது? ஏறிய சர்க்கரையாக இருந்தால்? எனக்கும் அந்தப் பயம் வந்தது. ஏறியிருக்கிறவருக்கு ஒரு டம்ளர் இனிப்புக் கொடுத்தால் வருகிற கெடுதலைப் பிறகு சரிசெய்யலாம். தாழ்ந்திருக்கிறவருக்குக் கொடுக்காமல் விட்டால் சரிசெய்ய ஆள் இருக்க மாட்டார். சர்க்கரை பார்க்கிற மிஷின் கையில் இல்லாத இடத்தில் அதைத்தான் செய்ய வேண்டும்.

"யக்கா, இனிப்பா குடிக்கிற மாதிரி என்ன இருக்கு வண்டியில?"

"ஜெயா பிள்ளைக்கு வாங்குன மாம்பழ ஜூஸ் இருக்கு."

"அவரு முழிச்சு நல்லா இருக்காருல்ல? விழுங்குவாருல்ல? அப்ப அத முழுசாக் குடிக்கச் சொல்லுங்க."

கொஞ்சம் சலசலப்பு. பிறகு சவரி குரலே வந்தது. நாக்கு தடித்தமாதிரி இருந்தது. "என்னா சார்... இனிப்பு வேண்டாம்னுதான உங்ககிட்ட வந்தேன். நீங்களே ஜூஸக் குடிங்கிறீக. ரெண்டு நாளு நான் பல்லக் கடிச்சுட்டு இருந்ததெல்லாம் வீணாப் போகும்."

"அண்ணே, சீட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டீகல்ல? இதுதான் நான் எழுதுற மொதச் சீட்டு. குடிங்க."

"ஏலே, குடிடா" என்று பேச்சியக்கா அதட்டுவது கேட்டது. பிறகு, "குடிக்கிறான் சார்."

"இப்ப வண்டிச் சாவிய வாங்கி நீங்க வெச்சுக்கங்கக்கா."

அதுதான் கடினமாக இருந்தது. ஜூஸைக் குடித்தவர் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றார். ஒரு டிரைவரிடம் சாவியைக் கேட்பது சட்டையைக் கழற்றச் சொல்வதுபோல. "இத்தன பேர ஏத்திட்டு வந்தவன் நானு. நான்தான் எறக்கிவிடணும்" என்றார்.

"இத்தன பேரு இருக்காகன்னுதான் கேக்குறேன்" என்றேன்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேச்சியக்கா பேசினார். அதட்டல் இல்லை, தணிந்த குரல். "சவரி, எம்மக ஆறு மாசம் முழுகாம இருக்கா. நான் வீட்டுக்குப் போகணும்லே. குடு." சாவிக்கொத்து கை மாறுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து நிதானமாகப் பேசினார். வெட்கப்பட்டார். இப்போது நன்றாக இருக்கிறது, ஓட்டிவிடுகிறேன் என்றார். நடுவில் ஓனர் வேறு போன் போட்டு, மெதுவா ஓட்டிட்டு வந்துரு என்று சொல்லியிருக்கிறார். நான் முடியாது என்றேன். நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிற நேரம்தான் நம்பக்கூடாத நேரம். அந்த மாத்திரை மறுபடியும் கீழே இழுக்கும். யாருடைய வாளியிலாவது மிச்சம் இருந்தால் சாப்பிடச் சொன்னேன். மேலிருந்து வந்த ஜீப்புகள் பெண்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டன. வேறொரு டிரைவர் இவர் வண்டியை ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கிளினிக்குக்கு வந்தார்.

ஜூஸும் சோறும் உள்ளே போன பிறகும் மிஷினில் வந்த அளவு தாழ்ந்துதான் இருந்தது. மேடம் திரும்பி வந்து அதைப் பார்த்தார். மலை இருக்கும் திசையை ஒருதரம் ஜன்னல் வழியே பார்த்தார். அன்றிரவு சவரி அண்ணனை அங்கேயே படுக்க வைத்து, மாத்திரையைக் குறைத்து, தான் திரும்பப் பார்க்கிற வரைக்கும் வண்டியைத் தொடக்கூடாது என்று எழுதினார்.

சேதி ஓனருக்குப் போனது. வேறு டிரைவர் போட்டாயிற்று.

மறுநாள் சவரி அண்ணன் என்னைத் தனியே பிடித்தார். "வெயில் மயக்கம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு ஒரு வரி. எனக்குப் பொழப்பு."

அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது லேசாக இல்லை. "எழுத மாட்டேண்ணே. அது வெயில் இல்ல. உங்களுக்கும் தெரியும், பேச்சியக்காவுக்கும் தெரியும். ஆனா ஸ்டீயரிங்க உங்களுக்குத் திரும்ப வாங்கித் தர நான் ஆனதெல்லாம் செய்வேன். அதுக்கு அந்த ஒரு வாரத்த மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"வீட்டுல ஒக்காந்து திங்கிறதச் சொல்றதா?"

"வீட்டுச் சாப்பாடு எனக்கு வேண்டாம். வண்டி ஓட்டுற நாள்ல நீங்க எப்படிச் சாப்பிடுவீகளோ அதுதான் வேணும். மேல தோட்டத்துல ஏதாவது வேலை கேட்டு ஒரு வாரம் அதே வண்டில போயிட்டு வாங்க."

"பின்னாடி ஒக்காந்தா? பொம்பளைகளோடயா?" அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய சிரிப்பின் ஒரு துண்டு வந்தது. கோபத்தோடு கலந்த சிரிப்பு.

போனார். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் மூட்டை தூக்கும் வேலை. முதல் நாள் பின்பக்கமாக ஏறியபோது ஜெயா, "புதுப்பொண்ணு வந்திருக்கு, எடம் விடுங்கடி" என்றாளாம். அதையும் அவரே மெசேஜில் சொன்னார்.

அந்த வாரத்து மெசேஜ்கள்தான் நான் இதுவரை வாங்கியவற்றில் நல்லவை. நேர்ச்சைக் கதை மலையிலேயே உடைந்துவிட்டதால் பெண்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போனை அவர்களே வாங்கிக்கொண்டார்கள். "சார், நான் ஜெயா. இன்னைக்கு நான் போட்டது சோறு ஒரு கை, முருங்கைக்கீரை." "பேச்சி சார். களி. ஒரு கைதான், ஆனா என் கை பெரிசு, அதையும் பாத்துக்கங்க." ஒருத்தி, குழம்பில் வெல்லம் போட்டேன் என்று கூடுதலாகச் சொன்னாள். வண்டி மொத்தமும் சேர்ந்து ஒரு மனிதனின் சாப்பாட்டை எனக்குச் சொன்னது. சவரி அண்ணனுக்கு நடுவில் பேச இடமே கிடைக்கவில்லை.

இடையில் ஒன்று, மறந்துவிடுவேன். எந்த வாரத்தை எடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். தவக்காலத்தில் வருகிற வேதக்காரர் வீட்டுச் சாப்பாடும், நோன்பு மாதத்தில் வருகிற உத்தமபாளையம் பாய் வீட்டுச் சாப்பாடும் அந்த மாதத்துச் சாப்பாடுதான். அதை வைத்து வருஷத்துக்கும் திட்டம் போட்டுவிடாதீர்கள்.

அந்த வாரம் முடிந்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சவரி அண்ணன் அதிகம் சாப்பிடுகிறார் என்பது பாதிதான். விடிகாலையிலிருந்து வயிற்றைக் காயப் போட்டு, உச்சி வெயிலில் ஒரே மூச்சில் அத்தனை பிடியையும் இறக்குகிறார். பிறகு ராத்திரிவரை ஒன்றுமில்லை. சோற்றை மொத்தமாக ஒழிக்க வேண்டியதில்லை. கூறு போட்டு நாள் முழுக்கப் பரப்ப வேண்டும். மறுக்கவும் கூடாது. அது எப்படி?

பேச்சியக்காவிடமே கேட்டேன். "எல்லார்கிட்டயும் வாங்கணும், ஆனா எல்லார்கிட்டயும் சோறு வாங்கக்கூடாது. என்னக்கா செய்யலாம்?"

"முறை போட்ருவோம்" என்றார். "ஒரு நாளைக்கு ஒருத்தி சோறு. மத்தவளுக வெறும் வெஞ்சனம். யாரும் விடுபடல, யாரும் மொகத்தத் தூக்க முடியாது." கொஞ்சம் யோசித்து, "வெறும் வெஞ்சனம்னா இனி நல்லா வெக்கணுமேடா சாமி" என்று சிரித்தார்.

கிளம்பும் முன் வீட்டில் இரண்டு இட்லியாவது, மதியம் ஒரு வீட்டுச் சோறும் தட்டு நிறையக் காய் கீரையும், மலை இறங்கும் முன் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி அளவாக. இவ்வளவுதான் என் சீட்டு. மாத்திரையை அதற்குத் தக்கபடி மேடம் மாற்றினார். தினமும் வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். "பின்னால ஊசி தேவைப்பட்டா போடத்தான் வேணும். அது தோத்துப் போறது இல்ல" என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னார். வாரங்கள் போயின. அளவு மெல்ல இறங்கி ஒரு இடத்தில் நின்றது. தாழவும் இல்லை. மேடம் திருப்தியாகி, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

ஓனர் அந்தக் காகிதத்தோடு நேரில் வந்தார். கெட்டவர் இல்லை. முன்பு பாறையில் மோதிய வண்டியிலிருந்து ஆட்களைத் தன் கையால் தூக்கி இறக்கியவர். மேடத்தைப் பார்க்கவில்லை, என் மேசைக்குத்தான் வந்தார்.

"டாக்டரம்மா காகிதம் கெடக்கட்டும் தம்பி. அவன் என்ன திங்கிறான்னு பாத்தது நீங்க. நாளைக்கு வெள்ளன அவன் ஓட்டுற வண்டில, முன்சீட்டுல ஏறி மேல போயிட்டு, சாயங்காலம் அவன்கூடவே கீழ எறங்குவீகளா?"

இந்த மாதிரிக் கேள்வி உங்களிடமும் வரும், வேறு சொற்களில். அப்போது நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் தைரியத்தை இல்லை. இந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியுமா என்பதை மட்டும். முதல் தடவை அவர் கேட்டபோதே சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், இந்தக் கேள்விக்கு நான் தலையைக் குனிந்திருப்பேன்.

"ஏறுறேன்" என்றேன்.

மேலே போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. மதியம் கொட்டகையில் அன்றைய முறை ஜெயாவுடையது. என் தட்டிலும் விழுந்தது. சாயங்காலம் குமுளி தாண்டி மலை இறங்கத் தொடங்கும் இடம். நான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி முதல் வளைவை நெருங்கியது. சுண்டல் டப்பா டேஷ்போர்டில் அப்படியே மூடியோடு இருந்தது.

சவரி அண்ணன் வண்டியை ஓரங்கட்டினார். சாவியை உருவி டேஷ்போர்டில் வைத்தார். டப்பாவைத் திறந்தார்.

"ஏலே, கடைசி டவுன் பஸ்ஸு போயிரும்லே. கீழ போய்த் தின்னா ஆகாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"போனாப் போகட்டும்" என்றார் அவர், வாயில் சுண்டலோடு. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இருப்பதற்காகச் செய்யவில்லை என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது. கடைசிப் பருப்பு வரை நிதானமாகத் தின்றார். தண்ணீர் குடித்தார். கையை நீட்டி, விரல்களை விரித்து, தனக்கே ஒருதரம் காட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு சாவியைப் போட்டார்.

கூடலூர் ஸ்டாண்டில் ஓனர் நின்றுகொண்டிருந்தார். பெண்கள் இறங்கினார்கள். கடைசி பஸ் போயிருந்தது. இரண்டு பேர் சவரியைத் திட்டிக்கொண்டே ஆட்டோ தேடினார்கள்.

"என்ன தம்பி, இம்புட்டு நேரம்?" என்றார் ஓனர்.

"வழியில வண்டிய நிறுத்திட்டாரு. சாப்பிடணும்னு."

"நீங்க சொல்லியா?"

"நான் வாயத் தெறக்கல."

ஓனர் ஜீப்புக்குள் குனிந்து, டேஷ்போர்டில் இருந்த காலி டப்பாவைப் பார்த்தார். பிறகு சவரியைப் பார்த்து, "நாளைக்கும் வெள்ளன வந்துருலே" என்றார்.